நுரை கட்டும்போது இறக்கு

ரசத்துக்கு ஒரு விதி உண்டு. புளித்தண்ணீர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொதிக்கலாம். மிளகு சீரகம் விழுந்தபின் ரசம் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி, மெல்ல நடுவுக்கு நகர்ந்து, பொங்கி எழப் பார்க்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். சட்டியில் மிஞ்சுவது புளிப்பும் காரமும் உள்ள வெறும் தண்ணீர்தான்.

கஷ்டத்தில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் எப்படியாவது தாக்குப்பிடிக்கப் பார்க்கிறது. அதை மிகைப்படுத்தாமல், நடப்பதை நடப்பதாகவே காட்டும் படங்கள் சில இருக்கின்றன. பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் நிற்கும்போது ஒரு காட்சி திரும்பி வந்து தொண்டையை அடைக்கும். இந்தப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் ரசம் வைப்பதைத்தான் சொல்லிக் காட்டுவது வழக்கம்.

சட்டியில் வைக்க எடுத்துக்கொள்ளும் படம் 'இலோ இலோ'. சிங்கப்பூர் இயக்குநர் அந்தோணி சென் எடுத்த முதல் முழுநீளப் படம். 2013ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், முதல் படம் எடுப்பவர்களுக்கான தங்கக் கேமரா விருதை வாங்கியது. அதே ஆண்டு தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த படமாகவும் தேர்வானது. மலேசியாவின் ஜொகூரில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு இது வெளிநாட்டுப் படம்தான். ஆனால் அந்த வெளிநாடு, 1924இல் திறந்த ஒரு கிலோமீட்டர் சொச்சப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. படத்தில் அம்மாவாக நடித்த இயோ யான் யான் ஜொகூரைச் சேர்ந்தவர். விடியுமுன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தில் வரிசை பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் ஊர் இது. படத்தில் வரும் அடுக்குமாடி வீடும் கம்பித் துணிக்கொடியும் நம்மில் பலருக்கு அன்றாடம் கண்ணில் படும் பொருள்கள்.

கதை 1997இல் நடக்கிறது. அப்பா டெக், கண்ணாடி விற்கும் விற்பனையாளர். அம்மா ஹுவீ லெங், ஒரு கப்பல் நிறுவனத்தில் செயலாளர், கர்ப்பிணி. மகன் ஜியாலே பள்ளியிலும் வீட்டிலும் அடங்காத பையன். அவனைச் சமாளிக்க முடியாமல் பிலிப்பீன்ஸிலிருந்து டெர்ரி என்ற பணிப்பெண்ணை அமர்த்துகிறார்கள். ஆசியப் பொருளாதார நெருக்கடி வருகிறது. கதை இவ்வளவுதான்.

முதலில் புளி. நல்ல ரசத்தில் புளி கண்ணுக்குத் தெரியாது. ஊறவைத்து, கரைத்து, சக்கையை எடுத்து எறிந்துவிட்டால் தண்ணீர் முழுக்கப் புளிப்பு பரவியிருக்கும்; ஓரிடத்தைக் காட்டி இதுதான் புளி என்று சொல்ல முடியாது. சுமாரான படங்களில் கஷ்டம் கரையாத உருண்டையாக மிதக்கும். கொடுமைக்கார வட்டிக்காரன் வருவான், இரக்கமில்லாத முதலாளி வருவான், அவனைக் காட்டியே படம் முடிந்துவிடும். 'இலோ இலோ'வில் வில்லன் யாரும் இல்லை. நெருக்கடி என்றால் என்ன என்று எந்தப் பாத்திரமும் நமக்குப் பாடம் நடத்துவதும் இல்லை. ஹுவீ லெங் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆள்குறைப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறாள். வேலை போகப்போகிறவர்களின் பெயர்கள் அவள் விரல் வழியாக ஒவ்வொன்றாகத் தாளில் இறங்குகின்றன. வயிற்றில் குழந்தையோடு, தன் பெயர் எப்போது வருமோ என்ற பயத்தோடு, பிறருடைய கடிதத்தைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டிய வேலை அவளுக்கு. அந்த ஒரு வேலையில் அந்த ஆண்டின் பொருளாதாரம் முழுவதும் கரைந்திருக்கிறது.

டெக்குக்கு வேலை போய்விடுகிறது. அவன் வீட்டில் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் விட்ட பணத்தைப் பற்றியும் சொல்லவில்லை. இரவுக் காவலாளி வேலைக்குப் போகிறான். அம்மாவிடமும் ஓர் இரகசியம் சேர்கிறது (அதைப் பிறகு சொல்கிறேன்), டெர்ரியிடமும் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெர்ரி ஒரு முடிதிருத்தும் கடையில் மறைவாக வேலை செய்கிறாள். ஒரே கூரையின்கீழ் மூன்று பெரியவர்கள், மூவருக்கும் பணக் கஷ்டம், மூவரும் ஒருவருக்கொருவர் மறைக்கிறார்கள். கஷ்டம் வரும்போது நம் வீடுகளில் முதலில் குறைவது பேச்சு. படம் இதைக் கவனித்து வைத்திருக்கிறது.

அடுத்து மிளகும் சீரகமும். இவற்றை அரைக்கக் கூடாது, குட்டி உரலில் போட்டுத் தட்ட வேண்டும். மாவாக அரைத்தால் ரசம் கலங்கிவிடும், எல்லா வாயிலும் ஒரே காரம் இருக்கும். ஒன்றிரண்டாகத் தட்டினால் ஒரு வாய் சும்மா இருக்கும், அடுத்த வாயில் ஒரு மிளகு உடைந்து சுரீர் என்று ஏறும். இயல்பான படத்தில் மிளகின் வேலையைச் செய்வது சிறு பொருள்களும் சிறு செயல்களும். டெர்ரி வந்ததும் அவள் கடப்பிதழை ஹுவீ லெங் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அதைப் பற்றிப் படம் கருத்துச் சொல்லவில்லை. வாங்கியவளும் இரக்கமில்லாதவள் இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று செய்கிறாள். இந்தோனேசியாவிலிருந்து வரும் பணிப்பெண்கள் நம் நாட்டு வீடுகளிலும் நிறைய வேலை பார்க்கிறார்கள். அந்தக் காட்சியை ஜொகூரில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தால் உடைவது நம் பல்லுக்கடியில் இருக்கும் மிளகுதான்.

ஜியாலே நாளிதழ்களில் வரும் லாட்டரி முடிவுகளை வெட்டி ஒட்டிச் சேர்க்கிறான். வென்ற எண்களுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பித் தேடுகிறான். நாலு நம்பர் லாட்டரி வாங்காத குடும்பம் இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கும்? பெரியவர்களின் ஆசையையும் பயத்தையும் பத்து வயதுப் பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் கணக்காக மாற்றி வைத்திருக்கிறான். பையனின் பிடிவாதம், வீட்டின் நிலை, காலத்தின் பதற்றம் மூன்றும் அந்தத் துண்டுக் காகிதங்களில் இருக்கின்றன. இயக்குநர் அதற்கு அடிக்கோடு போடவில்லை. போட்டிருந்தால் அது அரைத்த மிளகாகியிருக்கும்.

இப்போது நுரை. நான் அதிகம் பேச விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த வகைப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

தொடர்நாடகங்களில் நம் கண் வேறு ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஒரு உண்மை வெளிப்படும், எல்லாருடைய முகத்தையும் தனித்தனியாகக் காட்டுவார்கள், இசை உயரும், கத்துவார்கள், அழுவார்கள், மறுநாள் அதே இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும். அங்கே கொதிப்பது பார்ப்பவருக்காக. நாம் அழ வேண்டிய அழுகையைப் பாத்திரங்களே அழுது முடித்துவிடுவதால் நமக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. அந்த வகைக்கும் ஒரு பயன் உண்டு, நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவருக்கு அது ஓர் ஆறுதல். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது வேறு சமையல்.

'இலோ இலோ'வில் டெர்ரி வேலைக்கு வந்த கொஞ்ச நாளில், எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு மனிதர் குதித்து இறப்பதைப் பார்த்துவிடுகிறாள். அவர் யார், என்ன கடன், யாரை விட்டுப் போனார் என்று படம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பார்ப்பவர் மனத்தில் மட்டும் அந்தக் கட்டடம் நின்றுகொண்டே இருக்கிறது. பிறகு டெக் வேலை இழக்கும்போது அந்த மனிதரை நாம் தானாகவே நினைத்துக்கொள்கிறோம். டெக் வீட்டுக்குத் தாமதமாக வரும் ஒவ்வொரு முறையும் நமக்கு வயிற்றில் ஒரு கலக்கம். இயக்குநர் ஒரு சொல்கூடச் செலவழிக்காமல் ஏற்படுத்திய கலக்கம் அது. அன்று அந்தக் காட்சியை நீட்டிக் கொதிக்கவிட்டிருந்தால் பிற்பாடு இந்தப் பயம் இருந்திருக்காது.

இன்னோர் இடம். ஜியாலே ஒரு மாணவனைத் தாக்கிவிடுகிறான். பள்ளியிலிருந்தே நீக்கப்படும் நிலை. முதலில் ஓடி வந்து அவனுக்காகக் கெஞ்சுபவள் டெர்ரி. பின்னால் அம்மா வந்து சேர்கிறாள். தாய் நான்தான், நீ இல்லை என்று டெர்ரிக்கு உணர்த்திவிடுகிறாள். இவ்வளவு நேரமும் வீட்டுக்குள் புகைந்துகொண்டிருந்த பொறாமை இங்கே விளிம்பு வரை எழும்புகிறது. இரண்டு பெண்களும் கத்திச் சண்டை போட ஏற்ற இடம். படம் அங்கே இறக்கிவிடுகிறது. இருவரும் தங்கள் தங்கள் அவமானத்தோடு அந்த அறையில் நிற்கிறார்கள். ஹுவீ லெங்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது: அவள் வேலைக்குப் போவதால்தான் பணிப்பெண் வந்தாள், பணிப்பெண் வந்ததால்தான் மகன் கைநழுவினான், வேலையை விட்டால் வீடு ஓடாது. கொதிக்கவிட்டிருந்தால் நாம் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்திருப்போம். இறக்கிவிட்டதால் இரண்டு பேரையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

தமிழிலும் இந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பனும் மகனும் வெயிலில் வறண்ட நிலத்தில் நடக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படத்தின் பெரும்பகுதி அந்த நடைதான். அப்பனின் கோபம் எப்போது வெடிக்குமோ என்று நுரை விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கும். கடைசியில் படம் அவர்களை விட்டுவிட்டு, குழியில் ஊறும் தண்ணீரைப் பொறுமையாக அள்ளும் பெண்களிடம் போய் நின்றுவிடுகிறது. வெடிப்புக்காகக் காத்திருந்த நமக்கு அந்த மண்ணின் தாகம்தான் மிஞ்சுகிறது.

தாளிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரசத்துக்குத் தாளிப்பு கடைசியில், கொஞ்சமாக. எண்ணெய் மிதந்தால் கெட்டது. இங்கே தாளிப்பு என்றால் இசை. 'இலோ இலோ'வில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மின்விசிறி, பாத்திரம், தெருச் சத்தம், நான்கு மொழிகள் கலந்த பேச்சு இவைதான் காதில் விழுகின்றன. டெர்ரி ஊருக்குத் திரும்பிய பிறகு, மருத்துவமனையில் அப்பனும் மகனும் அவள் விட்டுப்போன வாக்மேனில் ஒரு பிலிப்பீன்ஸ் பாட்டைக் கேட்கிறார்கள். அந்த ஒரு சுருக் சத்தத்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் கரண்டியைக் காய விட்டிருந்தார்கள். இதற்கு நேர்மாறான இன்னொரு கைப்பக்குவமும் உண்டு. சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி'யில் (1955) மகள் துர்கா இறந்த செய்தியைக் கணவனிடம் சொல்ல முடியாமல் தாய் சர்வஜயா உடைந்து அழும்போது, அவள் குரல் நமக்குக் கேட்காது. அதற்குப் பதில் ரவிசங்கர் அமைத்த தார்ஷெனாய் ஒலி வீறிடும். அங்கே இசை அழுகைக்கு மேல் ஊற்றப்படவில்லை, அழுகையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது.

ரசச் சட்டியின் அடியில் மண்டி தங்கும். கிண்ணத்தில் ஊற்றும்போது மேலாகத் தெளிவை மட்டும் ஊற்றுவோம். ஆனால் மண்டி இல்லாமல் தெளிவுக்கு ருசி கிடையாது. டெர்ரிக்கு ஊரில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையைப் படம் நமக்குக் காட்டாது. தொலைபேசியில் அவள் பேசும் சில நிமிடங்கள்தான் நமக்குக் கிடைப்பது. தன் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் வேறொருத்தியின் மகனைக் குளிப்பாட்டுகிறாள். கை முறிந்து கட்டுப் போட்டிருக்கும் ஜியாலேவுக்கு அவள் உடம்பு தேய்த்துவிடும் காட்சியிலிருந்துதான் இருவருக்கும் ஒட்டுதல் தொடங்குகிறது. திரையில் இருப்பது ஒரு பையனும் சோப்பு நுரையும். அடியில் கிடப்பது பிலிப்பீன்ஸின் இலோஇலோ மாகாணத்தில் யார் கையிலோ வளரும் இன்னொரு குழந்தை. டெர்ரி போகும்போது ஜியாலே அவள் கூந்தலிலிருந்து கொஞ்சம் முடியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறான். அந்த மண்டியை அறிந்தவர்களுக்கு அந்த இடம் தாங்காது.

சில நேரம் மண்டி படத்துக்கு வெளியேயும் கிடக்கும். இயோ யான் யான் படப்பிடிப்பின்போது உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தார், அதைக் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். இத்தாலியில் வித்தோரியோ டெ சீக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்க'ளில் வேலைக்காக அலையும் அப்பாவாக நடித்த லாம்பெர்த்தோ மஜ்ஜியோரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படம் வந்தபின் அவருடைய வேலையே பறிபோனது. இதெல்லாம் தெரிந்து பார்த்தாலும் தெரியாமல் பார்த்தாலும் அவர்கள் முகத்தில் ஏதோ ஒரு கனம் தெரியும். அந்தக் கனத்தை ஒப்பனையால் கொண்டுவர முடியாது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹுவீ லெங் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறும் கிளைக்கதை, எனக்கு மட்டும், கொஞ்சம் அதிகமாக அரைத்த மசாலாவாகப் படுகிறது. அவள் பலவீனத்தை நாம் ஏற்கெனவே கடிதங்களில் பார்த்துவிட்டோம். அதை மறுபடியும் சொல்ல ஓர் ஏமாற்றுக்காரன் தேவைப்படவில்லை. மற்ற இடங்களில் காலமே செய்த வேலையை இங்கே ஒரு தனி ஆள் செய்கிறான். படத்தின் மீதியில் இருக்கும் தெளிவால்தான் இந்தக் கலங்கல் கண்ணில் படுகிறது.

இவ்வகைப் படம் பார்த்த உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, கேமராவைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தால் இப்படித்தானே வரும், இதில் என்ன சாமர்த்தியம் என்று. ரசத்தையும் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. 'இலோ இலோ'வின் ஒளிப்பதிவாளர் பெனுவா சொலேர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அடுக்குமாடி வீட்டுக்குள் ஆள்களின் தோளுக்கருகே நிற்கிறார். ஒரே அறையில் பையனும் பணிப்பெண்ணும் படுக்க வேண்டிய நெருக்கடி நமக்கு மூச்சில் தெரிவது அதனால்தான். எங்கே நிற்பது, எதைக் காட்டாமல் விடுவது, எந்த நொடியில் வெட்டுவது என்ற நூற்றுக்கணக்கான முடிவுகள் சேர்ந்துதான் அந்த இயல்பு வருகிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இந்தப் படத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது. அதைத் தொடர்ந்து நம் ரிங்கிட்டும் சரிந்தது. அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது 1998 ஜனவரியில் நாலே முக்காலைத் தாண்டியது. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டி நிறுத்தியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை நிலைத்தவர்களுக்குச் சிங்கப்பூர் வெள்ளி கூடுதல் ரிங்கிட்டாக மாறியது. வேலை போனவர்களுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் புது மோட்டார், பக்கத்து வீட்டில் கடன். டெக்கும் ஹுவீ லெங்கும் தட்டுத்தடுமாறிய அதே மாதங்களில்தான் இதுவும் நடந்தது.

வீட்டில் சேர்ந்து பார்ப்பதானால் ஒன்று சொல்வேன். இறக்கிய ரசத்தை உடனே கிண்டக் கூடாது, மூடி வைத்துத் தெளியவிட வேண்டும். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் என்ன புரிந்தது என்று கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவர்களே ஏதாவது சொல்வார்கள். அப்பா ஏன் வேலை போனதைச் சொல்லவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் உள்ள பதிலைச் சொல்லுங்கள்.

அடுத்ததாகச் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாத்'தைப் பாருங்கள். 2015இல் வந்த மலேசியத் தமிழ்ப் படம். மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, நடுவில் அப்போய் என்ற பையன். கும்பல் காட்சிகளில் சட்டி சில இடத்தில் பொங்கி வழிகிறது. ஆனால் அப்பனும் மகனும் வரும் வீட்டுக் காட்சிகளில் அடுப்பு மிகச் சரியான சூட்டில் இருக்கிறது. அடிப்பவன் முகத்தில் இருப்பது பயம் என்று நமக்குத் தெரிகிறது, அடிவாங்கும் பையனுக்குத் தெரிவதில்லை.

'ஜகாத்' பேராக்கின் கதை. ஜொகூரில் மாசாய், ஸ்கூடாய், கூலாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்கு வந்து, பிறகு பாலம் கடந்து வேலைக்குப் போகத் தொடங்கிய குடும்பங்களின் 1998ஐ இதே கைப்பக்குவத்தோடு யாராவது ஒரு படமாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகள் எழுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு அவர்கள் தூங்கியபின் திரும்பும் அப்பா, பணமாற்றுக் கடைப் பலகையில் எண் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பேருந்துக்கு நிற்கும் அம்மா, வேலைப் பெர்மிட் முடிந்த செய்தியை வீட்டில் சொல்லாத அண்ணன் என்று சாமான்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில் வேலைக்குப் போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். படம் எடுக்கத் துணியும் இளைஞர்கள் அவர்களிடம் சீக்கிரம் போய் உட்கார வேண்டும்.